ஏழாம் தூண் மூலையிலிருந்து ஒரு கோடு

சத்தியத்தை முதலிலேயே செய்து வைத்துவிடுவது நல்லது. பாதியில் யாராவது எழுந்து போய்விட்டால் வாய்ப்புக் கிடைக்காது. இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்பாதவர்கள் எந்தத் தலையைக் காட்டினாலும் அடித்துச் சத்தியம் செய்து தரலாம், சொல்கிறவனின் தலை ஒன்றைத் தவிர. அதில் ஏற்கெனவே முடி குறைவு.

கட்டர்காரருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. கதை இவ்வளவுதான். ஆனால் நாற்காலிக்கும் அவருக்கும் நடுவே நாலு கால்பந்து மைதானம் அளவுக்கு ஒரு கிடங்குத் தரை கிடந்தது.

புதுக் கான்கிரீட் தரையில் கோடு வெட்டுவது அவர் தொழில். முப்பத்தோரு வருஷம். கான்கிரீட் பார்வைக்குத்தான் கல், குணத்தில் துணி. ஈரம் போகப்போகச் சுருங்கும். அது சுருங்கப் பார்க்கும்போது அடியிலிருக்கும் மண்ணும், ஓரத்துச் சுவரும், நடுவில் நிற்கும் தூணும் "எங்கே கிளம்பிட்டே, இரு" என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்ற ஆண்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. கிழியும். வெடிக்காத கான்கிரீட்டை இதுவரை யாரும் போட்டதில்லை. போட்டேன் என்கிறவர் இன்னும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கட்டுகிறவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். எப்படியும் வெடிக்கத்தான் போகிறாய், நான் சொல்கிற இடத்தில் வெடித்துத் தொலை என்று, பதினைந்து அடிக்கு ஒன்றாக, தடிமனில் கால் பங்கு ஆழத்துக்கு நேர்க்கோடு வெட்டி விடுவார்கள். விரிசல் அந்தக் கோட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மேலே நடக்கிறவருக்கு அது வெறும் கோடு. சீக்கிரம் வெட்டினால் ஓரம் ரொட்டித் தூள் மாதிரி உதிரும். தாமதித்தால் தரை தானே வெட்டிக்கொள்ளும். அதற்கு நேர்க்கோடு போட வராது. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம்தான். அந்த நேரம் எப்போது வரும் என்று சொல்லத்தான் கட்டர்காரர். குதிகாலை ஊன்றிப் பார்ப்பார். ஆணியால் கீறிப் பார்ப்பார். முட்டி போட்டுக் காதை வைத்துக்கூடக் கேட்பார்.

அந்த முட்டிதான் பிரச்சினை. முப்பத்தோரு வருஷம் தரையில் ஊன்றிய முட்டிகள் மடக்கும்போதெல்லாம் 'டக்' என்றன. சத்தம் சாதாரணமில்லை. அவர் உட்கார்ந்தால் கிடங்கின் மறுகோடியிலிருந்து மேஸ்திரி அலறியடித்து ஓடி வந்து தரையைத் தடவிப் பார்ப்பார். "அது நான்தாங்க" என்று கட்டர்காரர் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னால் ஆளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? களைப்பு அவர் எலும்பில் ஊறிப்போயிருந்தது. காலையில் எழுந்ததுமே, ராத்திரி எப்போது படுப்போம் என்றுதான் தோன்றியது.

ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி காலியானது. மெத்தை வைத்தது, கைப்பிடி வைத்தது, ஐந்து சக்கரத்தில் நாலு சுற்றும். அதில் உட்கார்ந்து ஆணி, சாக்கு, கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. கட்டர்காரர் ஒரு மத்தியானம் யாருமில்லாத நேரத்தில் போய் அதில் கால் நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்கும்போது கண் கலங்கியிருந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டார்.

மேனேஜரிடம் கேட்டார்.

"இந்தக் கிடங்குத் தரை முடியட்டும்யா. கோட்டுக்கு வெளியே ஒரு விரிசல், ஒரே ஒரு விரிசல் இல்லாம வந்துச்சுன்னா நாற்காலி உனக்குத்தான்."

"விரிசல் வந்துச்சுன்னா?"

"பேத்துட்டு மறுபடி போடணும். நீதான் மறுபடி வெட்டணும். அதுக்குள்ள நாற்காலிக்கு என் சகலை வந்துடுவார்."

சகலை ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நாற்காலியின் முதுகில் அவருடைய பச்சைத் துண்டு கிடந்தது.

வீட்டில் மனைவி இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரும் இடம் வேறு. ஹாலில், வாசற்படிக்கு இரண்டு சாண் உள்ளே கிளம்பிச் சமையலறைக்கு இரண்டடி முன்னால் நிற்கிற ஒரு விரிசல் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால், சொந்த வீட்டுத் தரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று, வெட்டுகிற நேரத்துக்குச் சரியாக ஆபீஸிலிருந்து போன் வந்தது. வேறு யாருடைய தரையோ அவசரம். அவர் திரும்பி வருவதற்குள் ஹால் தானே வெட்டிக்கொண்டது. இப்போது அதில் மூன்று தலைமுறை எறும்புகள் குடியிருந்தன.

"ஊரான் தரைக்கெல்லாம் நேரத்துக்குப் போறீங்க. நம்ம வீட்டுத் தரை எட்டு மணி நேரம் காத்திருந்து பாத்துச்சு. அப்புறம் என்னை மாதிரியே, இந்த மனுஷன் வரமாட்டாருன்னு முடிவு பண்ணிடுச்சு."

"நாற்காலி கிடைச்சா அஞ்சு மணிக்கு வந்துடுவேன்."

"வாங்க பாக்கலாம்" என்றாள். அதில் கேலி பாதி. மீதியை அவர் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் முதல் மிக்ஸர் லாரி வந்தது. வரிசையாக லாரிகள் வந்து கொட்டின. கடைசி லாரியை ஓட்டி வந்தது மனைவியின் தம்பி. கட்டர்காரரின் மச்சினன் நல்ல பிள்ளை, நாற்பத்திரண்டு வயது, இரக்க குணம் கொஞ்சம் தூக்கல். இறங்கி வந்ததும் மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, என்ன மூஞ்சி இது? நேத்து வச்ச சாதம் மாதிரி இருக்கு."

"தூக்கம் இல்லடா மச்சான்."

"எத்தனை நாளா?"

"எந்த வருஷத்துலேருந்து கேக்கறே?"

மச்சினன் லாரிப் பக்கம் போய் எதையோ செய்துவிட்டு வந்தான். பத்து மணிக்குத் தரையைத் தேய்த்து முடித்துவிட்டார்கள். மேற்கு வாசலுக்கு இன்னும் ஷட்டர் மாட்டவில்லை. அது வழியாகக் காற்று வந்தது. எப்படிப்பட்ட காற்று? மேஸ்திரி கையில் டீயோடு வாசலில் நின்று ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் டம்ளரில் டீத்தூள் மட்டும் இருந்தது. வியர்க்க ஆரம்பித்த ஆள் உப்பாகத்தான் வியர்த்தான். அப்படிக் காற்றடித்தால் ஈரச் சாக்கு போர்த்திக் கான்கிரீட்டைக் காப்பாற்ற வேண்டும். போர்த்தினார்கள், தூரத்துக் கோடியில் சாக்கு பத்தவில்லை.

"மாமா, போய்ப் படுங்க" என்றான் மச்சினன். "இன்னைக்கு ரெண்டு மணி நேரம் லேட்டாத்தான் இறுகும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும். படுங்க."

வேறொரு நாளாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார். அன்று கேள்வி கேட்கிற தெம்பும் இல்லை. காலி சிமென்ட் பை அடுக்கின் மேல் சாய்ந்து காலை நீட்டினார். தலை சாய்வதற்கு முன்பே தூங்கிவிட்டார். தலை பின்னால்தான் வந்து சேர்ந்தது.

'டக்.'

கண்ணைத் திறக்காமலே "அது நான்தாங்க" என்றார். பிறகு யோசித்தார். கால் இரண்டும் நீட்டியபடியே கிடந்தன.

அவர் எழுந்த வேகத்தை முட்டிகள் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஏழாம் தூணின் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூலையில்தான் எப்போதும் கிளம்பும். இழுப்பு அத்தனையும் போய்ச் சேர்கிற இடம் அது. எங்கே போகலாம் என்று அது இன்னும் முடிவு செய்யவில்லை. இடது பக்கம் கொஞ்சம் பார்த்தது. வலது பக்கம் கொஞ்சம் பார்த்தது.

"டேய்!"

மச்சினன் வந்து நின்றான். தலையைச் சொறிந்தான்.

"எத்தனை?"

"ரெண்டு பக்கெட்தான் மாமா."

"தண்ணியா? டிரம்முக்குள்ளயா?"

"தண்ணி ஜாஸ்தியா இருந்தா லேட்டா இறுகும்ல. நீங்க கொஞ்சம் தூங்குவீங்கன்னு…"

"தண்ணி ஜாஸ்தியானா ஜாஸ்தியா சுருங்கும்டா! யாரைக் கேட்டு ஊத்தினே?"

"உங்க மூஞ்சியைப் பாத்து ஊத்தினேன்."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் தூங்க வேண்டும் என்று ஒரு ஆள் செய்த முதல் காரியம். அதற்கு விலை நாற்காலி. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், கொட்டாவி விட்டு மூடிக்கொண்டார்.

"ஹோஸைப் பிடி" என்றார். "இன்ஜினியர் மேடம் நாலு மணிக்குத் தரையைப் பாக்க வருவாங்க."

வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு விரிசலுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றார். பிளேடை இறக்கினார். மச்சினன் தண்ணீர் விட்டான். கோடு விழ விழ, விரிசல் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வெட்டின பாதையில் இறங்கியது. வேறெங்கும் பாராமல் அவர் பின்னாலேயே வந்தது. அவர் நடந்தால் நடந்தது. அவர் வியர்வை துடைக்க நின்றால் நின்றது. முதல் பெரிய கோடு வருகிற இடம் வரை குறுக்கே அழைத்துப் போய், அங்கிருந்து கோட்டோடு திருப்பி நேராக விட்டார். நடுவில் ஒரு தடவை மச்சினன் தண்ணீர் குடிக்க ஹோஸைத் திருப்பினான், விரிசலும் காத்திருந்தது. இதில் வியப்பில்லை. நிழல் பக்கத்தில் கான்கிரீட் நிதானமாகத்தான் இருக்கும்.

கோடு மேற்கு வாசலில் முடிந்தது. விரிசல் முடியவில்லை. வாசலில் நின்று அவரைப் பார்த்தது.

"விட்டுட்டு வாங்க மாமா, அதுவே நின்னுக்கும்."

"நிக்காது. இன்னும் வெறி அடங்கலை. போக வழி காட்டாம விட்டா திரும்பி உள்ளே வரும்."

"அப்ப எதைக் கண்டா நிக்கும்?"

"இன்னொரு விரிசலைக் கண்டா நிக்கும். அதுக்கு மேல போக எதுவும் இருக்காது, அதான்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் அவருக்கு விலாசம் தெரிந்த விரிசல் ஒன்றே ஒன்று.

ஆகவே கட்டர்காரர் மெஷினைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக் கான்கிரீட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சாலையில் இறங்கினார். கான்கிரீட் சாலை, நல்லவேளை. பின்னால் விரிசல். அதற்குப் பின்னால் மச்சினன், மிக்ஸர் லாரியில், பிளேடுக்குத் தண்ணீர் விட்டபடி, மாட்டு வண்டி வேகத்தில். கால் மணியில் போக வேண்டிய தூரம். சாலை நெடுக விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நின்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். ஏதோ ஒரு கம்பத்தில் நாய் ஒன்று அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவரும் பதிலுக்கு விட்டார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் நின்றார், விரிசல் நின்றது, லாரி நின்றது. போலீஸ்காரர் வந்தார்.

"என்னய்யா வேலை இது?"

"வெட்டு வேலைங்க."

"நடு ரோட்டுல வெட்ட யார் சொன்னது?"

"பின்னால வருதுங்க. நீங்களே கேட்டுக்குங்க."

போலீஸ்காரர் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து, மற்ற பக்கத்து வண்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, கையைக் காட்டினார்.

"சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க. எனக்கு மூணு மணிக்கு ஷிப்ட் முடியுது."

வீட்டு வாசலில் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். புருஷன் மத்தியான நேரத்தில் வீட்டுக்கு வந்து அவள் பார்த்ததில்லை. முதலில் ஆளைப் பார்த்தாள், அப்புறம் மெஷினை, அப்புறம் தம்பியை.

"வேலை போயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப என்ன இந்த நேரத்துல?"

"இது வந்திருக்கு" என்று பின்னால் காட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். விரிசல் படிக்குக் கீழே, அழைக்காத வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நின்றது.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. மெஷின் சக்கரத்தைத் துடைங்க. டேய் தம்பி, நீ லாரியோட உள்ளே வரவேண்டாம்."

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணலை."

"நீ ஒண்ணும் பண்ணாம உங்க மாமா இப்படி வரமாட்டார்."

அவள் பாயைச் சுருட்டினாள். ஸ்டூலை நகர்த்தினாள். எறும்புகள் விலகி ஓரமாக நின்றன. கட்டர்காரர் வாசற்படியிலிருந்து பழைய விரிசலின் முனை வரைக்கும் ஒரு சின்னக் கோடு வெட்டினார். நீளம் இரண்டு சாண் இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் போட வேண்டிய கோடு. புது விரிசல் அதன் வழியே வந்து பழையதைத் தொட்டது. 'ஹூம்' என்று ஒரு சத்தம். நெடுநேரம் நின்றுகொண்டிருந்த ஆள் உட்காரும்போது விடுவாரே, அந்த மூச்சு. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இத்தனை வருஷமா இது தனியாத்தான் கிடந்துச்சு" என்றாள் மனைவி. பிறகு, குரலை மாற்றாமல், "கொஞ்ச நேரம் உக்காருங்களேன்."

"உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் சொன்னேன்."

உட்கார்ந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் கதை. ஆனால் மணி மூன்றேகால். மீதிக் கோடுகள் அத்தனையும் காத்திருந்தன. லாரியில் ஏறித் திரும்பினார்; மெஷினை மச்சினன் மேலே கட்டினான். வந்திறங்கிய கட்டர்காரர் அரை மணி நேரத்தில் எண்பத்தாறு கோடு வெட்டினார். பிளேடு சிவந்து, தேய்ந்து, கடைசிக் கோட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பொத்தானைப் பிற்பாடு சட்டையில் தைத்துப் போட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள், அது பொய். தைக்கவில்லை, ஊக்குதான்.

நாலு மணிக்கு இன்ஜினியர் மேடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கும். அதில் மயிரிழையிலிருந்து தீக்குச்சி வரைக்கும் தடிமன் தடிமனாகக் கோடுகள். எந்த விரிசல் மேலும் அந்த அட்டையை வைத்து, எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடுவார். பின்னால் மேனேஜர். அவருக்குப் பின்னால் சகலை, துண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

மேடம் தரை முழுக்க நடந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கட்டர்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். சுவர் இல்லாவிட்டால் நின்றிருக்க மாட்டார். ஏழாம் தூணின் மூலையில் மேடம் நின்றுவிட்டார்.

"இந்தக் கோடு பிளான் படத்துல இல்லையே?"

"இல்லைங்க மேடம்."

"யார் போடச் சொன்னது?"

"தரைதான் மேடம்."

சகலையின் முகம் மலர்ந்தது. மேடம் படத்தை விரித்தார், தூணைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நீண்ட நேரம். பிறகு பென்சிலை எடுத்து, மூலையிலிருந்து பெரிய கோடு வரைக்கும் ஒரு சின்னக் கோடு போட்டார்.

"இங்கே ஒண்ணு வரணும். நான்தான் விட்டுட்டேன்." கொஞ்சம் தாமதித்து, "இப்ப படத்துல இருக்கு" என்றார்.

கட்டர்காரர் சுவரோடு சரிந்தார்.

'டக்!'

எல்லோரும் அப்படியே நின்றார்கள். மேஸ்திரி ஓடி வந்தார். சகலை கையைத் தட்டப்போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அது நான்தாங்க மேடம்."

மேடம் கிட்டே வந்தார். கழுத்து அட்டையைக் கழற்றாமலே குனிந்து அவர் முட்டிமேல் வைத்துப் பார்த்தார்.

"பாயின்ட் ரெண்டு மில்லிமீட்டர். பரவாயில்ல, விட்டுடலாம்" என்றார். மேனேஜர் பக்கம் திரும்பி, "இவரை எங்கேயாவது உக்கார வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் தன் கையாலேயே துண்டை எடுத்து மடித்துச் சகலையிடம் கொடுத்தார். கட்டர்காரர் ஸ்டோர் ரூமுக்குள் போனார், நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினார், இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். மெத்தை அவரை வாங்கிக்கொண்டது. அன்று அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. ஆளை எழுப்ப முடியவில்லை. மச்சினன் நாற்காலியோடு தள்ளிக்கொண்டே போனான், சுற்றாத அந்த ஐந்தாவது சக்கரம் வழி நெடுகக் கிறீச்சிட. மனைவி கதவைத் திறந்து, மணியைப் பார்த்து, "அஞ்சு பத்து" என்றாள். அவரை ஹாலில், இரண்டு விரிசலும் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, போர்வையைப் போர்த்திவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கண்ணைத் திறந்தார்.

சத்தியம் செய்யும்போது ஒரே ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது: அந்தக் கிடங்குக்குத் தரை போடப்போவது வருகிற செவ்வாய்க்கிழமை.